காசு கொடுத்து வாங்கும் ஐபிவி4 முகவரிக்கும் ‘தேவை’யை நிரூபிக்க வேண்டுமா?

தடம்24 எழுதியது:

நடுத்தர அளவுள்ள ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் விவரம் இது. சர்வர்கள் எல்லாம் வட அமெரிக்காவில். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ரேக் மட்டும் உண்டு. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 எண் முகவரிகளை வட அமெரிக்காவுக்குப் பதிவு செய்யும் பதிவகமான ஏரினில் சொந்தமாக ஒரு /20, அதாவது 4,096 முகவரி இருக்கிறது (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் ஒன்று குறைந்தால் பிளாக்கின் அளவு இரட்டிக்கும்). அதில் முக்கால் பங்கு பயன்பாட்டில் உள்ளது. இப்போது இன்னொரு கம்பெனியிடமிருந்து /19 வாங்கப் பேச்சு நடக்கிறது. விற்பவரின் பிளாக்கும் ஏரின் பதிவில்தான் இருக்கிறது. அவருடைய /16-லிருந்து வெட்டித் தருகிறார்.

விலை பேசி முடித்த பிறகும், இந்த 8,192 முகவரி எதற்கு என்று ஏரின் ஆவணம் கேட்கிறது. புரோக்கரோ, “ஐரோப்பியப் பதிவகமான ரைப் பக்கம் ஒரு கணக்கு திறந்து அங்கே மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு கேள்வியும் வராது” என்கிறார். இது சரியா?

கொள்கை பற்றியும் ஒரு கேள்வி. பதிவகங்களுக்கே முகவரி பங்கிடும் ஐயானாவின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஏரினுடைய கையிருப்பு 2015 செப்டம்பரில் தீர்ந்தது. பதிவகம் தன் பங்கிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சம்மதம். அப்புறம் வாங்குகிறவரின் தேவையை மூன்றாவது ஆள் ஏன் அளக்க வேண்டும்?

----

பிஜிபி_கிழவன் எழுதியது:

புரோக்கர் சொன்னது பாதிதான் சரி. ரைப்ல இருந்து ரைப்புக்கு மாத்தினா தேவை கேக்க மாட்டாங்க, 2014-லயே அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க. ஆனா உங்க பிளாக் ஏரின்ல இருந்து கிளம்புது. எதிர்ப் பக்கத்துப் பதிவகத்துலயும் தேவை அடிப்படையிலான கொள்கை இருந்தாத்தான் ஏரின் தன் எல்லைய விட்டு முகவரிய வெளிய விடும். அதுக்காகவே ரைப்காரங்க தனியா ஒரு விதி வச்சிருக்காங்க: இப்படி வர்ற பிளாக்குல குறைஞ்சது பாதிய அஞ்சு வருஷத்துக்குள்ள பயன்படுத்துவோம்னு வாங்கறவர் திட்டம் காட்டணும். உங்க கணக்குல 4,096 முகவரி, அஞ்சு வருஷம். ஏரின்ல அதே 4,096-ஐ 24 மாசத்துக்குள்ள காட்டணும். மிச்சமாகறது மூணு வருஷ அவகாசம். அதுக்கு விலையா ரைப் உறுப்பினர் சந்தா கட்டணும், மாத்தின பிளாக்க 24 மாசம் வேற யாருக்கும் விக்க முடியாது, அந்தப் பகுதியில ஓடற கருவி ஒண்ணாவது இருக்கணும். கடைசி விஷயத்துக்கு உங்க ஆம்ஸ்டர்டாம் ரேக் போதும்.

இப்போ ஏரின் வழி. ஏரின் விதிப் புத்தகத்துல 8.3-ங்கற பிரிவுலதான் போகும், வாங்கறவருக்கான நிபந்தனை 8.5-ல இருக்கு. கையில நேரடி ஒதுக்கீடே இல்லாத நிறுவனம்னா ஒரு /24 கேள்வியில்லாம வாங்கலாம். உங்களுக்கு அது பொருந்தாது. மிச்சம் ரெண்டு கதவு.

ஒண்ணு, இருக்கிற மொத்த இடத்துல 50 சதவீதமாவது பயன்பாட்டுல இருக்கணும், கேக்கற பிளாக்குல பாதிய ரெண்டு வருஷத்துல நிரப்பத் திட்டம் தரணும். முதல் பாதி உங்களுக்கு ஏற்கெனவே சரி. திட்டம்னா வெறும் எக்செல்ல வளர்ச்சிக் கோடு போட்டு அனுப்பாதீங்க. இப்போ எந்த சப்நெட் (முகவரித் துண்டு) எந்த டேட்டா சென்டர்ல எத்தனை மெஷினுக்குப் போகுதுங்கற பட்டியல், கடந்த ஒண்ணு ரெண்டு வருஷ வளர்ச்சி, சர்வர் கொள்முதல் ஆர்டர், ரேக் வாடகை ஒப்பந்தம்னு ஒண்ணோட ஒண்ணு பொருந்தற காகிதம் வேணும். நிறுவனத்தோட அதிகாரி ஒருத்தர் இது உண்மைன்னு கையெழுத்துப் போடணும். பெரும்பாலும் சிக்கறது எங்கேன்னா, திட்டத்துல ஆயிரம் மெஷின்னு இருக்கும், கொள்முதல்ல நூறுதான் இருக்கும்.

ரெண்டாவது கதவு இன்னும் எளிது, ஆனா சின்னது. இருக்கிறதுல 80 சதவீதம் நிரம்பியிருந்தா எதிர்காலத் திட்டமே வேணாம். இப்போ வச்சிருக்கிற அளவுக்கு இன்னொரு மடங்கு வாங்கிக்கலாம், உச்ச வரம்பு /16, ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான். உங்களுக்கு 80-ங்கறது 3,277 முகவரி. இப்போ 3,072 பக்கம் நிக்கறீங்க. இன்னும் இருநூத்திச் சொச்சம் ஏறினா ஒரு /20 கைக்கு வந்துடும். /19 வராது. அடுத்த /20-க்கு மறுபடி இந்தக் கதவுலயே வரணும்னா 8,192-ல 6,554 நிரம்பியிருக்கணும்.

விக்கறவர் பக்கமும் பாருங்க. கடந்த 12 மாசத்துல அவர் ஏரின்கிட்ட இருந்தோ மாற்றம் மூலமாவோ முகவரி வாங்கியிருந்தா விக்க முடியாது, கம்பெனி இணைப்புல வந்ததுக்கு மட்டும் விலக்கு. ஏரினோட காத்திருப்புப் பட்டியல்ல கிடைச்ச பிளாக்னா 60 மாசம் தொடவே கூடாது.

----

மதகு எழுதியது:

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில்: ஆம், அளக்கத்தான் வேண்டும்.

தேவைக்கேற்பத்தான் பங்கீடு என்பது 1996-இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 2050 என்ற இணைய ஆவணத்தின் காலத்திலிருந்தே உள்ள அடிப்படை. இந்த எண்கள் சொத்தல்ல, பதிவகம் பொதுவில் பராமரிக்கும் ஒரு பட்டியலில் இருக்கும் இடம் என்பதுதான் அதன் உட்பொருள். 2011-இல் திவாலான கனடியத் தொலைத்தொடர்பு நிறுவனம் நார்டெலிடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்கு 11.25 டாலர். விற்பனைக்கு ஒப்புதல் தந்தது டெலவேர் திவால் நீதிமன்றம். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் ஏரினுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நீதிமன்ற உத்தரவு மட்டும் போதாது, பதிவேட்டில் பெயர் மாற வேண்டும் என்பது வாங்கியவருக்கே தெரிந்திருந்தது.

பத்து ஆண்டில் அந்த விலை ஐம்பது டாலரைத் தாண்டியது. இப்படி ஏறும் ஒரு பொருளுக்குத் தேவை நிபந்தனை எதுவும் இல்லாவிட்டால், ஒரு ரூட்டர்கூட வைத்திருக்காத முதலீட்டு நிறுவனங்கள் /12, /11 என்று வாங்கி அடுக்கிவைக்கும். பிறகு சிறிய இணையச் சேவை நிறுவனம் அவர்களிடம் மாத வாடகைக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் இதில் நல்ல பாடம். 2010-இல் வந்த அவர்களுடைய முதல் மாற்றக் கொள்கை, கடைசி /8 கட்டம் (கையிருப்பில் கடைசிப் பெரிய பிளாக் மட்டும் மிஞ்சும் நிலை) தொடங்கியதும் தேவை நிபந்தனையைக் கைவிடச் சொன்னது. 2011 ஏப்ரலில் அந்தக் கட்டம் வந்தது, நிபந்தனை போனது. உடனே ஏரின் பக்கத்திலிருந்து எதுவும் வராது என்பது புரிந்தது. முன்மொழிவு 96 மூலம் அதே நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரிய கையிருப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் விதியைத்தான் மற்றவர்கள் ஏற்கிறார்கள். இது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் எல்லைக் கதவைத் திறந்து வைத்திருப்பது அந்த விதிதான்.

ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக்கைப் பாருங்கள். செஷல்ஸில் பதிவான கிளவுட் இன்னொவேஷன் அங்கிருந்து அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகளைப் பெற்றது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாடகைக்கு விடப்படுகின்றன, சொன்ன தேவை வேறு, நடந்தது வேறு என்று பதிவகம் அவற்றைத் திரும்பப் பெற முயன்றது. நிறுவனம் அதை மறுத்து வழக்குத் தொடுத்தது. 2021 ஜூலையில் மொரீஷியஸ் நீதிமன்றம் ஆஃப்ரினிக்கின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 2023-இல் பதிவகத்துக்கே நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்தது. 2025 ஜூனில் நடந்த தேர்தல் ரத்தானது. செப்டம்பரில்தான் புதிய இயக்குநர் குழு வந்தது. தேவை என்ற சொல்லுக்குப் பல் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

----

கால்கோள் எழுதியது:

மதகு சொன்ன தகவல்கள் சரி. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவு தலைகீழ்.

கிளவுட் இன்னொவேஷன் அந்த முகவரிகளைச் சந்தையில் வாங்கவில்லை. பதிவகத்தின் பொதுக் கையிருப்பிலிருந்து, தேவை நிபந்தனை முழுதாக அமலில் இருந்தபோது, உறுப்பினர் கட்டணத்துக்குப் பெற்றது. அமெரிக்காவில் தென் கரோலினாவின் மைக்ஃபோ வழக்கும் அப்படித்தான். போலி நிறுவனங்களைக் காட்டி ஏரினிடமிருந்தே ஏழு லட்சத்துக்கும் மேல் வாங்கி, ஒரு பகுதியை விற்றுக் காசாக்கினார்கள். அதிகாரியின் உறுதிமொழி எல்லாம் அந்த விண்ணப்பங்களிலும் இருந்தது. ஆஃப்ரினிக்கில் உள்ளேயே நடந்த முறைகேட்டில் நாற்பது லட்சத்துக்கு மேல் பதிவேட்டில் கைமாறியது, அதுவும் கையிருப்பிலிருந்தும் கேட்பாரற்ற பழைய ஒதுக்கீடுகளிலிருந்தும். ரைப்பில் 2019 நவம்பர் வரை ஒரே ஆள் பல உறுப்பினர் கணக்குகளைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு /22 வாங்கியதும் இதே வகை.

இவற்றில் பொதுவாக இருப்பது என்ன? ரேஷன் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளி இருக்கும் இடத்தில்தான் போலித் தேவை முளைக்கிறது. கையிருப்பிலிருந்து கொடுக்கும்போது தேவையைக் கேட்பதில் அர்த்தம் உண்டு, கடுமையாகவே கேட்கட்டும். முழு விலை கொடுத்து 8,192 முகவரி வாங்குகிறவருக்கு அந்த இடைவெளி கிடையாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் நஷ்டம் அவருடையது. ரைப் பகுதியில் 2014 முதல் உள்மாற்றத்துக்குத் தேவை கேட்பதில்லை. பத்து ஆண்டுக்கு மேலாகியும் யாரும் மொத்தச் சந்தையையும் வளைத்துப் போட்டுவிடவில்லை. ஐம்பதைத் தாண்டிய விலையும் 2022-க்குப் பிறகு இறங்கத்தான் செய்தது.

தடைக்கு ஓட்டைகளும் ஏராளம். முகவரி வைத்திருக்கும் கம்பெனியையே வாங்கினால் ஏரினின் 8.2 பிரிவில் இணைப்பாகப் போகும், அங்கே தேவைக் கேள்வி கிடையாது. அதுவும் வேண்டாமென்றால் குத்தகை. குத்தகைதான் எனக்கு உண்மையான கவலை. பதிவேட்டில் குத்தகை விட்டவர் பெயர், போக்குவரத்து வேறொருவருடையது, முறைகேட்டுப் புகார் போகும் மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள் என்பதே தெரியாது. குத்தகையைத் தடுக்க ஏப்னிக்கில் வைத்த முன்மொழிவு 148-க்கு ஒருமித்த ஆதரவு கிடைக்கவில்லை. தடுக்கவும் முடியாது. நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பிஜிபி முறையில் ஒரு பிளாக்கை யார் அறிவிக்கிறார்களோ அவர்கள் வாடிக்கையாளரா குத்தகைக்காரரா என்று வெளியிலிருந்து எப்படிப் பிரிப்பது?

பதிவகம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: விற்பவர் உண்மையான உரிமையாளரா என்று தோண்டித் துருவிச் சரிபார்ப்பது. வாங்குகிறவரின் எக்செல்லைத் திருத்தும் ஆட்களை அந்த வேலையில் போடலாம்.

----

மதகு எழுதியது:

கையிருப்பு வேறு, சந்தை வேறு என்ற பிரிவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் தனித்தனிக் கிணறல்ல. தேவை இல்லாமல் விற்கலாம் என்றால், கையிருப்பிலிருந்து பொய் சொல்லி எடுத்தவருக்கும் வெளியேறும் வழி அகலமாகிறது. 60 மாதப் பூட்டு அதற்குத்தானே? அதைப் போன்ற பூட்டுகள் போதும் என்கிறீர்களா?

ஆஃப்ரினிக்குக்கு வெளிப் பதிவகங்களோடு மாற்றக் கொள்கை அமலில் இல்லாததையும் சேர்த்துப் பாருங்கள். லத்தீன் அமெரிக்கப் பதிவகமான லாக்னிக்கூட 2020-இல் திறந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம் எளிது: கடைசியாகக் கையிருப்பு மிஞ்சியிருந்த கண்டம் அது, கதவைத் திறந்தால் முகவரிகள் ஒரே திசையில்தான் ஓடும்.

----

கால்கோள் எழுதியது:

பூட்டுகள் போதும் என்றே நினைக்கிறேன். பூட்டு தேதியைப் பார்க்கிறது, தேவை நிபந்தனை ஒருவரின் எண்ணத்தைப் பார்க்கிறது. தேதியை வைத்துப் பொய் சொல்வது கஷ்டம். ஆப்பிரிக்கா விஷயத்தில், கதவு மூடியிருந்தும் முகவரிகள் குத்தகையாக வெளியே ஓடியதுதான் வழக்கே. மூடிய கதவு ஓட்டத்தை நிறுத்தவில்லை, பதிவேட்டில் தெரியாமல் செய்தது. ஒரு பதிவகம் தடுமாறினால் அதன் அங்கீகாரத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று பதிவகங்களை அங்கீகரிக்கும் விதிகளாக 2001-இல் எழுதிய ஐசிபி-2 ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை மாற்றி எழுதும் வேலை தொடங்கியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

----

தடம்24 எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஏரினிலேயே 24 மாதத் திட்டம் கொடுத்து /19 முழுதாக வாங்குவதுதான் நேர் வழி என்று தெரிகிறது. பணம் கொடுப்பதற்கு முன்பும், பெயர் மாறிய பிறகும் எதில் இடறும்? விற்பவர் /16-லிருந்து வெட்டுகிறார் என்பதை மீண்டும் சொல்லிவிடுகிறேன்.

----

பிஜிபி_கிழவன் எழுதியது:

முதல்ல ஏரின்ல முன்-அனுமதி வாங்கிடுங்க. தேவைய முன்னாடியே காட்டி இவ்வளவு வாங்கலாம்னு ஒப்புதல் வாங்கி வச்சா, விலை பேசின அப்புறம் அனுமதி மறுத்துட்டாங்கங்கற சங்கடம் இல்ல.

அப்புறம் விக்கறவர் யாருன்னு பாருங்க. பதிவேட்டுல இருக்கிற நிறுவனப் பெயரும் இன்னைக்கு உயிரோட இருக்கிற கம்பெனியும் ஒண்ணா? 90-கள்ல ஒதுக்கின பிளாக்னா நடுவுல ரெண்டு மூணு கம்பெனி கைமாறியிருக்கும், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதச் சங்கிலி வேணும். மூடிப்போன கம்பெனியோட காலாவதியான டொமைன வாங்கி, தொடர்பு மின்னஞ்சலக் கைப்பற்றி, நான்தான் உரிமையாளர்னு வர்ற ஆளுங்க உண்டு. ஏரின் விக்கறவர்கிட்ட அதிகாரி கையெழுத்து, நோட்டரி சான்று எல்லாம் கேக்கறது இதுக்குத்தான். ரைப்போட ரைப்ஸ்டாட் தளத்துல ரூட்டிங் வரலாறு பாத்தா கடந்த வருஷங்கள்ல எந்த ஏஎஸ் (தனி எண் உள்ள நெட்வொர்க்) இந்த இடத்த அறிவிச்சிருக்குன்னு தெரியும். விக்கறவருக்குச் சம்பந்தமில்லாத ஏஎஸ் பத்து பதினஞ்சு வந்து போயிருந்தா குத்தகைக்கு விட்ட இடம்னு அர்த்தம், ஸ்பேம் மாதிரி கெட்ட பேர்க் கறை இருக்கும்.

கறைப் பரிசோதனைய /19-ஆ பண்ணாதீங்க. அதுல 32 /24 இருக்கு, ஒவ்வொண்ணையும் ஸ்பேம் அனுப்பற முகவரிகளக் குறிச்சு வைக்கிற ஸ்பேம்ஹாஸ் பட்டியல்ல தனியாப் பாருங்க. நாலு /24 மட்டும் அழுக்குன்னா அத நீக்கித் தர்ற பொறுப்பு விக்கறவருக்குன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. பணம் எஸ்க்ரோல (பொதுவான மூணாவது ஆள் கையில) போகட்டும். எஸ்க்ரோ அவிழறதுக்கு நிபந்தனை ஒண்ணே ஒண்ணு, ஏரின் பதிவேட்டுல உங்க நிறுவனத்தோட பெயர் தெரியறது. இந்த பிளாக்க அறிவிக்கலாம்னு விக்கறவர் தர்ற அனுமதிக் கடிதத்த நம்பிப் பணத்த விடாதீங்க.

பெயர் மாற்றத்துக்கு அப்புறம் பெரும்பாலும் உடையறது ஆர்பிகேஐ, அதாவது எந்த ஏஎஸ் எந்த முகவரிய அறிவிக்கலாம்னு ஆர்ஓஏங்கற கையெழுத்துச் சான்று மூலமா சரிபார்க்கிற முறை. விக்கறவர் /16 முழுசுக்கும் தன் ஏஎஸ் போட்டு ஒரே ஆர்ஓஏ வச்சிருந்தார்னா, பெயர் மாறறதுக்கு முன்னாடியே உங்க ஏஎஸ்ல /19-ஐ அறிவிச்சா அது இன்வாலிட். சரிபார்க்கிற நெட்வொர்க் எல்லாம் தூக்கி எறிஞ்சிடும். மாறின அப்புறம் நிலைமை திரும்பும்: அவரோட சான்றிதழ்ல அந்த /19 இல்ல, அதனால /16-க்கான பழைய ஆர்ஓஏ நிக்காது, அவர் மிச்சம் வச்சிருக்கிற துண்டுகளுக்குப் பாதுகாப்பு போயிடும். மாற்றத்துக்கு முந்தியே தன் துண்டுகளுக்குத் தனித்தனி ஆர்ஓஏ போட்டு வைக்கச் சொல்லுங்க, அவருக்கும் நல்லது. உங்க ஆர்ஓஏல அதிகபட்ச நீளத்த (எவ்வளவு சின்னத் துண்டு வரைக்கும் அறிவிக்கலாம்ங்கறத) /24-னு தாராளமா விடாதீங்க. அறிவிக்காத நீளத்த அனுமதிச்சா உங்க ஏஎஸ் எண்ணப் போலியா ஒட்டி, இன்னும் குறுகின ஒரு /24-ஐ வேற ஆள் அறிவிக்க வழி விடறீங்க.

எந்த ஏஎஸ் எந்த பிளாக்க அறிவிக்குதுன்னு சொல்ற ரூட் ஆப்ஜெக்ட், ஆர்ஏடிபி மாதிரி பொதுத் தரவுத்தளங்கள்ல பழசு கிடக்கும், யாரோ ஒரு அப்ஸ்ட்ரீம் (இணைப்பு தர்ற நிறுவனம்) பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்டது. தேடிப் பிடிச்சு நீக்கச் சொல்லணும். முகவரிய வச்சுப் பெயரத் தேடற ரிவர்ஸ் டிஎன்எஸ்ல /19-க்கு ஒரே ஸோன் கிடையாது, 32 ஸோன் தனித்தனியா ஒப்படைக்கணும். ஸோனோட கையெழுத்தச் சரிபார்க்க உதவற பழைய டிஎஸ் ரெக்கார்ட் ஒண்ணு மிச்சமிருந்தாலும் அந்த ஸோன் சரிபார்ப்புல விழும், மெயில் சர்வர் அனுப்பற கடிதத்த எதிர்ப்பக்கம் ஏத்துக்காது.

ஜியோலொகேஷன் தொல்லை தனி. விக்கறவர் வேற ஊர்ல இருந்தா, உங்க வாடிக்கையாளர் எந்த நாட்டுல இருக்கார்ங்கறதுல தளங்களுக்குக் குழப்பம் வரும். ஆர்எஃப்சி 8805 வடிவத்துல எந்த முகவரி எந்த ஊர்னு சொல்ற ஒரு ஜியோஃபீட் கோப்பு வச்சு, அதோட முகவரிய பதிவேட்டுக் குறிப்புல சேருங்க. முதல் வாரமே எல்லா /24-லயும் மெயில் அனுப்ப ஆரம்பிக்காதீங்க.

----

சிறுதுளி எழுதியது:

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது, ஆண்டுக்கு 43.80. உங்கள் வாடிக்கையாளரிடம் முகவரிக்குத் தனிக் கட்டணம் போட ஆரம்பித்தாலே சும்மா பிடித்து வைத்திருப்பவர்கள் திருப்பித் தருவார்கள். இணையதளம் மட்டும் ஓட்டுகிறவர்களை ஒரே முகவரியில் பெயர் பார்த்துப் பிரிக்கும் பிராக்ஸிக்குப் பின்னால் வைக்கலாம், பின்புறம் முழுக்க அடுத்த தலைமுறை முகவரியான ஐபிவி6. ஒரு எச்சரிக்கை: ஏரின் திட்டத்தைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்தால் உங்கள் பயன்பாட்டுச் சதவீதம் இறங்கும். 50-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கனமாக இருப்பவருக்கு வாசல் குறுகுவது இந்தக் கொள்கையின் விசித்திரம், மதகு கோபிக்க வேண்டாம்.

----

மதகு எழுதியது:

கோபமில்லை. அந்த ஒரு விஷயத்தில் விதி தவறுதான்.

----

தடம்24 எழுதியது:

விற்பவர் /19-ஐ இரண்டு /20-ஆகப் பிரித்துத் தரச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பார்க்கிறேன். 205 முகவரி ஏறினால் முதல் /20-க்குத் திட்ட ஆவணமே வேண்டாம் என்றால், அதை முதலில் முடித்து, இரண்டாவதுக்கு விலையையும் காலக்கெடுவையும் ஒப்பந்தத்தில் கட்டிவைக்கலாம்.

----

பிஜிபி_கிழவன் எழுதியது:

கட்டலாம். ஆனா ரெண்டு /20-யும் சேந்து ஒரே /19-ஆ ஒட்டற எல்லையில இருக்கணும்னு எழுதிடுங்க. மூணாவது ஆக்டெட் (முகவரியில புள்ளி வச்சுப் பிரிச்ச நாலு எண்ல மூணாவது) 32-ஆல வகுபடற எண்ல தொடங்கணும். இல்லன்னா பக்கத்துப் பக்கத்துல இருந்தும் ரெண்டு ரூட்டாத்தான் அறிவிக்க முடியும்.